மூன்றாம் எண் சூட்டு ரூமும் என் போஸ்மெனும்

போன வாரம், புரோகிராம் எழுதுகிற உங்களில் ஒருவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டி, "பாருங்க மேடம், இங்க ஒரு வரி தட்டினா போதும், அங்க பேக்டரியில வேலை தானா தொடங்கிடும்" என்றார். பெருமைப்பட வேண்டிய வேலைதான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "அந்த வரி நாலு மணி நேரம் தாமதமா போய்ச் சேர்ந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இப்பல்லாம் அப்படி ஆகாது மேடம்."

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதே சிரிப்பை நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன். அப்போது என்னிடம் கேள்வி கேட்டவள் லெட்சுமி. அவள் அன்று கேட்டதால்தான் இன்று உங்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பேச முடிகிறது. இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலில் தொடர்ந்திருக்க மாட்டேன். ஒருவேளை வேறு எதிலும் தொடர்ந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்கக் குமாஸ்தா வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. பெண் பிள்ளை கம்ப்யூட்டர் படித்துத் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்பதே வீட்டில் பெரிய பேச்சு. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. மறைப்பானேன்?

எங்கள் தொழிற்சாலையில் செய்யும் மின்னணுச் சில்லுகளை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் சூட்டில் வைத்துச் சோதிப்பார்கள். அதற்கென்று நான்கு அறைகள் இருந்தன. ஓர் ஆள் உள்ளே நடந்து போகிற அளவு பெரியவை. எல்லோரும் அவற்றைச் சூட்டு ரூம் என்றுதான் சொல்வோம். கதவு சாத்தியிருக்கும்போது அறையைத் தொடங்கினால் பூட்டு தானாக விழும், மின்விசிறிகள் சுற்றும், ஹீட்டர் எரியும். பத்து நிமிடத்தில் மனிதர் நிற்க முடியாத சூடு வந்துவிடும். பூட்டு விழுந்தபின் உள்ளேயிருந்து திறக்க வழி இல்லை. ஓடுகிற அறைக்குள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்பிக் கட்டிய அறை அது.

அறையைத் தொடங்கும் அதிகாரம் இன்ஜினியருக்கு மட்டும். சனி, ஞாயிறுகளிலும் அவர் நேரில் வந்து பட்டனை அழுத்தவேண்டும். லிம் என்று ஓர் இன்ஜினியர், வீடு கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில். ஒரு பட்டனுக்காகப் பாலத்தைத் தாண்டி வந்து, அழுத்திவிட்டு, மறுபடியும் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவார். "நான் பட்டன் அழுத்தவா இன்ஜினியரிங் படிச்சேன்?" என்று என்னிடம் புலம்புவார்.

அவருக்காகத்தான் அதை எழுதினேன். வீட்டுத் தொலைபேசியில் மோடத்தை மாட்டி, எங்கள் கணினிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். முதல் வரியில் ரகசியச் சொல், இரண்டாவது வரியில் என்ன செய்யவேண்டும் என்று. என் புரோகிராம் அந்தக் கடிதத்தைப் படித்து, அறையைத் தொடங்கிவிட்டு, 'தொடங்கியாயிற்று' என்று பதில் போடும். நீங்கள் இன்று 'பாட்' என்கிறீர்களே, அதேதான். அப்போது அதற்குப் பெயர் இல்லை. கடிதம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறது என்பதால் சூட்டு ரூம் பெண்கள் அதை 'போஸ்மென்' என்றார்கள். மலாயில் தபால்காரர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எல்லோரையும் கூட்டி வைத்து அதைச் செய்து காட்டினேன். லிம் பக்கத்து அறையிலிருந்து செய்தி அனுப்பினார். சூட்டு ரூமில் விசிறி சுற்றியது. கை தட்டினார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

லெட்சுமி. சூட்டு ரூம் பகல் ஷிப்டின் தலைவி. சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து தொழிற்சாலைப் பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், ஆனால் அங்கே என்னைவிட ஐந்து வருடம் கூடுதலாக வேலை செய்தவள்.

"மிஸ், ஒன்னு கேக்கலாமா?"

"கேளுங்க."

"லிம் கைல பட்டன் இருந்தப்ப, கண்ணாடி வழியா உள்ள ஒரு பார்வை பாத்துட்டுத்தான் அழுத்துவாரு. போஸ்மென் பாக்குமா? நான் உள்ள கழுவிட்டு இருக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

நான் சிரித்தேன். "நீங்க உள்ள இருக்கும்போது லிம் எதுக்கு அனுப்பப் போறார்?"

இன்ஜினியர்கள் எல்லோரும் சிரித்தார்கள். லெட்சுமி சிரிக்கவில்லை. "சரிலா மிஸ்" என்று, எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வோடு சொல்லி உட்கார்ந்துவிட்டாள். நான் என் விளக்கத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் போஸ்மென் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. லிம், தம்முடைய சனிக்கிழமைகளை நான் மீட்டுத் தந்ததாகச் சொல்லி, எனக்கு ஒரு கூடை ரம்புத்தான் பழம் கொண்டுவந்து தந்தார்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

காலையில் கணினியின் வட்டு நிரம்பிவிட்டது. பழைய அறிக்கைகள் குவிந்து கிடந்தன, நான்தான் அவற்றை நீக்கியிருக்கவேண்டும். வட்டு நிரம்பியதும் மின்னஞ்சல் எல்லாம் அப்படியே தேங்கி நின்றது. எனக்கு வீட்டுக்குத் தகவல் வந்து, நான் கிளம்பிப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. சனிக்கிழமை என்பதால் அலுவலகப் பக்கம் ஆள் இல்லை. அறிக்கைகளை அழித்தேன். தேங்கிய கடிதங்கள் மளமளவென்று ஓடத் தொடங்கின. திரையில் அவற்றைப் பார்த்துக்கொண்டே கொப்பி குடித்தேன்.

போஸ்மெனுக்கு லிம்மிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்திருந்தன. மூன்றிலும் ஒரே வரி: மூன்றாம் எண் அறையைத் தொடங்கு. முதல் கடிதத்துக்கு அறை தொடங்கியது. மற்ற இரண்டுக்கும் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று பதில் போனது. ஒரே கட்டளை மூன்று தடவை வந்தாலும் என் புரோகிராம் குழம்பவில்லை என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அந்த நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும் அல்லவா!

ஒன்று மட்டும் சரியாக இல்லை. அறை ஓடுகிறது என்று திரை சொன்னது, ஆனால் சூடு ஏறவே இல்லை. கால் மணி நேரம் போயும் அறை குளிர்ந்தே இருந்தது. என் புரோகிராமில்தான் கோளாறோ என்று இங்கும் அங்கும் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஹீட்டர் கெட்டிருக்கவேண்டும் என்று முடிவு செய்து லிம்முக்குப் போன் செய்தேன், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று.

"லிம், உங்க மெசேஜ் இப்பத்தான் போய்ச் சேர்ந்தது. அறை ஓடுது, ஆனா சூடு ஏறல."



"எந்த மெசேஜ்?" என்றார். "காலையில ஒன்பது மணிக்கு அனுப்பினதா? பதில் வரல, மூணு தடவ அனுப்பினேன். அப்புறம் சூட்டு ரூமுக்கே போன் பண்ணேன். லெட்சுமி எடுத்தாங்க. இன்னைக்கு மூணாம் நம்பர் கழுவுறோம்னு சொன்னாங்க, சரி, திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்." குரல் மாறியது. "ஐயோ, அவங்க உள்ள இருக்காங்க லா!"

போனை வைத்தேனா, கீழே போட்டேனா தெரியாது. கணினி அறைக்கும் சோதனைக் கட்டடத்துக்கும் நடுவில் லாரிகள் நிற்கும் பெரிய முற்றம். செருப்பு ஒன்று வழியில் கழன்றுகொண்டது. சுற்றி யாரும் இல்லை, ஷிப்டில் இருந்தவர்கள் உணவுக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் எண் அறையின் சிறிய கண்ணாடியில், உள்ளேயிருந்து ஒரு துடைப்பக் கட்டை இடித்துக்கொண்டிருந்தது. விசிறிச் சத்தத்தில் இடிக்கிற ஓசை வெளியே கேட்கவே இல்லை. கட்டை அசைவதை மட்டும் பார்த்தேன்.

அறையை நிறுத்துகிற சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பூட்டு விடுபட்ட ஓசை கேட்டது. கதவை இழுத்தேன்.

உள்ளே லெட்சுமியும், அவளோடு வேலை செய்யும் ரொஹானாவும். கழுவுகிற தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருக்கக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். ரொஹானா தரையில் உட்கார்ந்து, முகத்தைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். லெட்சுமி இரண்டு கையாலும் துடைப்பக் கட்டையைப் பிடித்து நின்றாள். விரல் முட்டி தேய்ந்து ரத்தம் வந்திருந்தது. இருபது நிமிடம் இடித்திருக்கிறாள்.

"ஆயெர், மிஸ். தண்ணி. ரொஹானாவுக்கு முதல்ல தண்ணி குடுங்க."

நான் ஓடிப் போய்க் கொண்டுவந்தேன். ரொஹானா குடித்து முடிக்கும்வரை லெட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலை அங்கியின் பையில் கை விட்டு எடுத்துக் காட்டினாள். மூன்று பீங்கான் பியூஸ்கள். ஹீட்டருடையவை.

"அன்னைக்கு மீட்டிங்ல நீங்க சிரிச்சீங்கல்ல மிஸ், அப்பலேர்ந்து உள்ள போறதுக்கு முன்னாடி இதப் புடுங்கி என் பாக்கெட்ல போட்டுக்குவேன். வெளிய வந்து மாட்டிடுவேன். யாருக்கும் சொல்லல. சொன்னா திட்டுவாங்கன்னு." குரல் அப்போதுதான் உடைந்தது. "விசிறிக்கும் பூட்டுக்கும் வேற பியூஸ்னு எனக்குத் தெரியாது மிஸ். பூட்டு விழுந்ததும், சரி, செத்தோம்னு நினைச்சேன். அப்புறம் பாக்கெட்டத் தொட்டுப் பாத்தேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது போதாது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். தலைவலி என்றேன்.

திங்கட்கிழமை காலை பெரிய மேனேஜர் அழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, விபத்து அறிக்கை. 'இன்ஜினியருக்கும் தொழிலாளிக்கும் இடையே தகவல் பரிமாற்றத்தில் தவறு' என்று இருந்தது. அடுத்தது லெட்சுமிக்கு எழுதிய கடிதம். அனுமதி இல்லாமல் பாதுகாப்பு பியூஸை அகற்றியதற்கு விளக்கம் கேட்டு. அந்தக் காலத்தில் அப்படி ஒரு கடிதம் வந்தால் அடுத்தது வேலை நீக்கம்தான்.

இரண்டு தாளிலும் போஸ்மென் என்ற பேச்சே இல்லை. என் பெயரும் இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, நான் உங்களிடம் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கடிதங்கள் எப்போது அனுப்பப்பட்டன, எப்போது நிறைவேறின என்ற பதிவு கணினியில் கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்தத் தொழிற்சாலையில் நான் ஒருத்திதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மேனேஜர் என்மேல் பிரியம் உள்ளவர், தெரிந்தோ தெரியாமலோ எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அதன் வழியாக வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. ஒரு நிமிடம் முழுதாகத் தோன்றியது. நான் அவ்வளவு நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் பதிவை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து வந்திருந்தேன். சனிக்கிழமையே அச்செடுத்துவிட்டேன். என்மேல் எனக்கு நம்பிக்கை இல்லாததால் எடுத்திருப்பேன். அந்த நீளத்தாளை மேசையில் விரித்தேன்.

"அனுப்பினது ஒன்பது மணிக்கு. ஓடினது ஒன்னே முக்காலுக்கு. நடுவுல என்ன மாறியிருக்கும்னு என் புரோகிராம் யோசிக்கல. கடிதம் எவ்வளவு பழசுன்னுகூட அது பாக்கல. வட்டு நிரம்பினதுக்கும் நான்தான் பொறுப்பு. லிம் மேல தப்பு இல்ல. லெட்சுமி பியூஸைப் புடுங்கலன்னா இன்னைக்கு நாம ரெண்டு வீட்டுக்கு இழவு சொல்லப் போயிருப்போம்."

நான் பேசியது ஆங்கிலத்தில். எவ்வளவு தடுமாறினேன் என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மேனேஜர் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். "இதை நீ காட்டாம இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்திருக்கலாம், சார்."

லெட்சுமியின் கடிதத்தை எடுத்து மடித்து இழுப்பறைக்குள் போட்டார். போஸ்மெனை அன்றே நிறுத்தச் சொன்னார். சரிசெய்ய நான்கு வாரம் தந்தார். "இந்தத் தடவை அந்தப் பெண்ணைப் பக்கத்துல உட்கார வைச்சுக்க. அவள் சரின்னு சொன்ன பிறகு என்கிட்ட வா."

எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வந்தது. அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இரண்டும் நியாயம்.

அந்த நான்கு வாரத்தில் படித்தது எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. லெட்சுமி என் மேசைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு படியிலும் "அப்புறம்?" என்று கேட்பாள். முதல் நாளே என் முகத்தில் அடித்தாற்போல ஒன்று சொன்னாள்.

"அந்த ரகசியச் சொல்லு 'டுரியான்'தானே மிஸ்?"

தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷிப்ட் முழுக்கத் தெரியும். லிம் மேசைல கார்டு எழுதி ஒட்டி வெச்சிருக்காரு. கேன்டீன் அக்காகூட மோடம் இருந்தா ரூமைத் தொடங்கிடுவாங்க."

எல்லா இன்ஜினியருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தவள் நான். அவர்கள் மறக்காமல் இருப்பதற்காக சுலபமாக ஒரு பழத்தின் பெயரைப் பார்த்துக் கொடுத்தவளும் நான். அனுப்பியது லிம்தான் என்று அந்தக் கடிதத்தின் தலைப்பு சொன்னதை அப்படியே நம்பியவளும் நான். சனிக்கிழமை நடந்தது ஒரு ஓட்டை. அதற்குப் பக்கத்திலேயே அதைவிடப் பெரிய ஓட்டை திறந்து கிடந்தது. யாரும் அதற்குள் விழவில்லை, அவ்வளவுதான்.

எப்படிச் சரிசெய்தோம் என்பதை நீளமாகச் சொல்லமாட்டேன், உங்களிடம் இப்போது அதைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு தாளில் தனித்தனிச் சொற்கள் அச்சிட்டுக் கொடுத்தோம், ஒரு சொல் ஒரு தடவைதான் செல்லும். கால் மணி நேரத்துக்கு மேல் பழைய கடிதத்தைப் போஸ்மென் கிழித்துப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். அதற்கு முன்பு போஸ்மெனுக்குக் கணினியில் எதையும் செய்யும் உரிமை கொடுத்திருந்தேன், எனக்கு எழுதச் சுலபம் என்று. அதைப் பிடுங்கி நான்கு அறைகளைத் தவிர எதையும் தொட முடியாதபடி செய்தோம். அறைகளுக்கு உள்ளேயிருந்து திறக்கும் கைப்பிடியை மேனேஜரே சொல்லிப் போட வைத்தார்.

கடைசி ஒன்று முழுக்க லெட்சுமியுடையது. கடிதம் வந்தால் போஸ்மென் அறையைத் தொடங்காது, அறைவாசலில் இருக்கும் திரையில் கேட்கும். அங்கே இருப்பவர் உள்ளே பார்த்துவிட்டு, சாவியைத் திருப்பிச் சம்மதம் தட்டினால்தான் தொடங்கும். உள்ளே போகிறவர் அந்தச் சாவியைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போவார்.

"அப்ப லிம்முக்கு மேல எனக்கு அதிகாரமா?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"கதவு விஷயத்துல, ஆமா."

"எழுதிக் குடுங்க, அக்கா. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்."

மிஸ் போய் அக்கா வந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை, வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. எழுதிக் கொடுத்தேன். மேனேஜரும் கையெழுத்துப் போட்டார்.

புதிய போஸ்மென் ஓடத் தொடங்கிய பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, தலைமையகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மேனேஜர் அவர்களுக்குப் போஸ்மெனைத் தானே செய்து காட்ட விரும்பினார். தன் தாளிலிருந்து ஒரு சொல்லைத் தட்டி, இரண்டாம் எண் அறையைத் தொடங்கச் சொல்லி அனுப்பினார். விருந்தினர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள். நான் பின்னால் நின்றிருந்தேன்.

ஒரு நிமிடத்தில் சூட்டு ரூமிலிருந்து பதில் வந்தது. மலாயில் இரண்டே வாக்கியம்: 'பெலும் லாகி. அடா ஓராங் டி டாலாம்.' இன்னும் இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது.

விருந்தினர்களில் ஒருவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மேனேஜர் மொழிபெயர்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது விளக்கம் சொல்லவேண்டுமோ என்று வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அப்ப நாம காத்திருப்போம்" என்று விருந்தினர்களிடம் சொல்லி, எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார்.

பதினெட்டு நிமிடம் ஆயிற்று. எத்தனையோ புரோகிராம்கள் எழுதியிருக்கிறேன், அவற்றில் எதுவும் ஓடிய நேரத்தை நான் அவ்வளவு பெருமையோடு பார்த்ததில்லை. எதுவும் ஓடாமல் நின்ற அந்தப் பதினெட்டு நிமிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சூட்டு ரூமுக்குப் போனேன். லெட்சுமி தொழிற்சாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பினது யாருன்னு பாத்தீங்களா, லெட்சுமி?"

"பாத்தேன். பெரிய மேனேஜர்."

"பயமா இல்லையா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள், கேள்வி விளங்காதவள்போல.

"உள்ள ரொஹானா இருந்தாளே லா, அக்கா" என்றாள். பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.